இருட்டறையில் கௌதமன் சார் கண்டது

செய்தி வந்தபோது நான் அத்திபெலேயில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தேன். ஓசூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழி. முன்னால் லாரிகள் வரிசை கட்டி நிற்க, பஸ் நகர்வதாக இல்லை. காலை வெயில் ஜன்னல் வழியே மடியில் விழுந்துகொண்டிருந்தது. கண் சொக்கிக்கொண்டு வந்தது. கைபேசியில் யசோதரா என்று பெயர் வந்ததும், கௌதமன் சாரின் மகள் இந்த நேரத்தில் எதற்குக் கூப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன். "மேடம், அப்பா போயிட்டாரு. டீ குடிச்சிக்கினு இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி "அய்யய்யோ" என்று கத்திவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெங்களூரில் நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிறுவனத்தில், மைக்ரோஸ்கோப் பிரிவின் தொழில்நுட்ப அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர் கௌதமன் அவர்கள். நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களைப் பற்றி ஆராய்கிற சிறிய ஆய்வகம் ஒன்றை நான் அங்கே நடத்துகிறேன். நிறுவனத்தின் செய்தி மடலுக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். ஒரு பக்கத்தில் அடங்காது. அதோடு, நான் எழுதப்போவதைப் படித்த பிறகு போடுவார்களா என்பதும் தெரியாது. அவர் பேரில் ஒரு தவறு எங்கள் அலுவலகக் கோப்பில் பதிவாகியிருக்கிறது. அதை அவர் செய்யவில்லை. இதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுதினால் என் கை விளங்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவருடைய அறைக்குப் போனேன். மைக்ரோஸ்கோப் அறை எப்போதும் இருட்டாக இருக்கும். மெல்லிய வெளிச்சத்தில் செல்களைப் பார்க்க வேண்டும் அல்லவா. வெளியே ஏப்ரல் வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஏசியின் குளிர். மங்கிய பச்சை ஒளியில், ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். யாரோ காவல்காரர் வந்து தூங்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "இங்க மைக்ரோஸ்கோப் ஆளு யாருங்க?" என்று கேட்டேன். "நான்தான் மேடம். ஆராமா உக்காருங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, இதுங்க இப்பதான் அடங்கிச்சுங்க" என்றார். திரையில் நாலைந்து செல்கள். அவை அசைவது போலவும் தெரிந்தது, அசையாதது போலவும் தெரிந்தது. நான் வந்த வேலையை மறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

அவருக்கு ஈஜிபுராவில் வாடகை வீடு. அப்பா, தண்டு என்று சொல்கிற பழைய கன்டோன்மென்ட் பகுதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைத்தவர் என்று சொல்லியிருக்கிறார். கல்லூரிப் படிப்பு ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அந்த எந்திரத்தைப் பிரித்துப் போட்டுப் பூட்டத் தெரிந்தவர் ஊரில் அவரைப்போல் நாலு பேர் இருந்தால் அதிகம். யாரோடும் எந்த மொழியிலும் பேசுவார். கன்னடத்தில் ஆரம்பித்து, தமிழில் திட்டி, உருதுவில் சமாதானம் சொல்லி முடிப்பார். என்னோடு தமிழ்தான்.

அவருடைய பதிவேட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. யார் எத்தனை மணி நேரம் மைக்ரோஸ்கோப்பைப் பயன்படுத்தினார்கள் என்று குறிப்பதற்காக அலுவலகம் கொடுத்த நோட்டு அது. மற்ற பிரிவுகளில் பெயரும் நேரமும் மட்டும் இருக்கும். கௌதமன் சார் ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும், தான் திரையில் கண்டதையும் பொடி எழுத்தில் எழுதிவைப்பார். 'நடுவில் இருந்த செல் ரொம்ப நேரம் யோசித்தது.' 'இன்று எல்லாம் சோர்வு. மேடமும் கோபம். இரண்டுக்கும் ஏசிதான் காரணம்.' நான் அதைப் படித்துவிட்டு, "என்ன சார், நானும் உங்க செல்லும் ஒண்ணா?" என்று சண்டைக்குப் போனேன். "செல்லு திருப்பி கேக்காது மேடம், அதான் வித்தியாசம்" என்றார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வரும்; சிரிப்பும் அதே வேகத்தில் வந்துவிடும்.

எங்கள் ஆராய்ச்சி என்ன என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குடலைத் தாக்கும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா நம் செல்லை உடைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. செல்லின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. தன்னிடம் இருக்கும் ஊசி போன்ற நுண்ணிய குழல் வழியாகச் சில புரதங்களைச் செல்லுக்குள் அனுப்புகிறது. அந்தப் புரதங்கள் செல்லின் சொந்த வேலையாட்களைப்போல நடித்து, உள்ளே இருக்கும் இழைகளை ஏவுகின்றன. செல்லின் மேற்பரப்பு பொங்குகிறது. மடிப்பு மடிப்பாக எழுந்து, ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவைத் தானே அணைத்து விழுங்கிக்கொள்கிறது. பிறகு இன்னொரு வகைப் புரதம் வேலையைத் தொடங்குகிறது. முதலில் வந்தவை கிளப்பிவிட்டதையெல்லாம் இது அடக்கி, பழையபடி சமன் செய்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் செல்லின் மேற்பரப்பு எதுவுமே நடக்காததுபோல ஆகிவிடும். பாக்டீரியா உள்ளே ஒரு குமிழிக்குள் சுகமாக இருக்கும்.

முதல்முறை இதை இருவரும் சேர்ந்து பார்த்தோம். செல் பொங்கியது. கரும்பச்சைப் பின்னணியில் வெளிர்பச்சை மடிப்புகள் எழுந்து, வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்தன. பிறகு மெல்ல மெல்லத் தாழ்ந்து காணாமல் போயின. எங்கோ நீருக்கடியில் உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது. அந்த அறைக்குள் பகலா இரவா என்று யாருக்கும் தெரியாது. பேசுகிற குரல்கூட நம்முடையதாக இருக்காது. கௌதமன் சார் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "உள்ள வர்றது பெரிய விஷயமில்ல மேடம். வந்துட்டு, ஒண்ணுமே ஆவல, நீ பாட்டுக்குத் தூங்குன்னு சொல்லுது பாருங்க. அதான் வேலை" என்றார். அவர் சொன்ன அந்த வேலையைத்தான் நான் பிறகு என் ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

இங்குள்ள நோயாளிகளிடமிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவில், செல்லை அடக்குகிற புரதம் எது என்று கண்டுபிடிக்க முயன்றோம். இரண்டு புரதங்கள் மேல் சந்தேகம். அதனால் இரண்டு ரகங்களை உருவாக்கினேன். ஒன்றில் முதல் புரதம் இருக்காது. மற்றதில் இரண்டாவது இருக்காது. எந்த ரகத்தை, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லின் மேல் விட்டால் பொங்கிய செல் அடங்காமலே கிடக்கிறதோ, அந்த ரகத்தில் இல்லாத புரதம்தான் நாங்கள் தேடுவது. முதல் ரகத்தைச் சிவப்பு மூடி போட்ட சிறு குழாயிலும், இரண்டாவதை நீல மூடி போட்ட குழாயிலும் அடைத்து, உறைகுளிர்ப் பெட்டியில் வைத்தேன். பெயரை மூடிமேல் மட்டும் எழுதினேன். குழாயின் உடம்பில் எழுதவில்லை. எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் அது: மூடியை நம்பாதே, குழாயில் எழுது. அவசரக்காரிக்கு அதெல்லாம் எங்கே ஏறுகிறது?

அந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு பகல் வேளையில் எங்கள் மாடிக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டரும் கைவிட்டது. உறைகுளிர்ப் பெட்டி அலறத் தொடங்கியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உருகத் தொடங்கிய குழாய்களிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதிதாக வளர்த்துவிடலாம் என்று, சிவப்பையும் நீலத்தையும் ஒரே நேரத்தில் திறந்தேன். இரண்டு மூடிகளும் என் இடது உள்ளங்கையில் இருந்தன. கரெண்ட் வந்துவிட்டது என்று யாரோ வாசலில் நின்று கன்னடத்தில் கூவினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். பிறகு மூடிகளைப் போட்டுத் திருகினேன். புதிதாக வளர்த்தவற்றுக்கும் மூடியைப் பார்த்தே பெயர் எழுதினேன். இதெல்லாம் எனக்கு இப்போது நினைவிருக்கிறதே தவிர, அன்று ஒன்றும் உறைக்கவில்லை.

அதன்பிறகு ஓர் ஆண்டு உழைத்தோம். சிவப்பு மூடி ரகத்தை விட்டால் செல் அடங்கவில்லை. ஆகவே முதல் புரதமே நாங்கள் தேடியது. கட்டுரை எழுதினேன். வெளியூர் அறிஞர்கள் படித்துப் பாராட்டி, அச்சுக்கு ஏற்றுக்கொண்டார்கள். என் வேலை நிரந்தரமாவதும் அந்தக் கட்டுரையைத்தான் நம்பியிருந்தது. கணவர் இல்லாமல் பிள்ளையோடு ஹெப்பகோடியில் குடியிருந்தேன். வேலை போனால் எங்கே போவது என்று யோசிக்காத நாள் கிடையாது. கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி வந்த அன்று கௌதமன் சாருக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன்.

அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே, "மேடம், ஒண்ணு சொல்லட்டா, கோச்சிக்கக் கூடாது" என்றார்.

"சொல்லுங்க சார்."

"மழைக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவ சும்மா ட்ரையல் பாத்தமே. அப்ப அடங்காம இருந்தது நீலம். மழைக்கு அப்புறம் சிவப்பு ஆயிடுச்சு. நோட்டுல எழுதி வெச்சிக்கிறேன், வாங்க காட்டுறேன்."

பொடி எழுத்தில் இருந்தது. 'நீலம். செல் அடங்கவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.' தேதி மழைக்கு முந்தியது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "ட்ரையல்ல நீங்க தட்டை மாத்தி வெச்சிருப்பீங்க! அதுக்கு இப்ப என் தலையில கல்லைப் போடறீங்களா?" என்று கத்தினேன். அந்த அறையில் யாரும் கத்துவதில்லை. அவர் மைசூர்பாகை மேஜைமேல் வைத்துவிட்டு, "இருக்கலாம் மேடம். எதுக்கும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்க" என்றார்.

அன்று மாலையே துறைக் கூட்டம். கட்டுரையைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்க வேண்டும் என்றேன். ஏன் என்று தலைவர் கேட்டார். 'மைக்ரோஸ்கோப் அறையில் தட்டுகளை மாற்றி வைத்துவிட்டதாகத் தெரிகிறது' என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் இவை. அப்படியே கூட்டக் குறிப்பில் ஏறின.

நாலாம் நாள் மரபணுச் சோதனையின் முடிவு வந்தது. சிவப்பு மூடி போட்ட குழாயில் இருந்தது நீல ரகம், நீலத்தில் சிவப்பு. தட்டுகளுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குழாயிலேயே மாறியிருக்கிறது. அந்தக் குழாய்களை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. வெட்டவெளிச்சமாகிவிட்டது.

இருட்டறைக்குப் போய், "நீங்க சொன்னதுதான் சரி சார். மூடியை மாத்திப் போட்டது நான்தான்" என்று சொன்னேன். "அப்பாடா" என்றார். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் முகத்தில் நிம்மதியைத் தவிர வேறொன்றையும் நான் பார்க்கவில்லை. தவறான புரதத்துக்குப் பேர் போய்ச் சேராமல் தப்பியதே என்ற நிம்மதி. "கூட்டத்துல உங்க பேர்ல சொல்லிட்டேனே சார், அதை மாத்தச் சொல்லிடறேன்" என்றேன். "இப்ப வேணாம் மேடம். உங்க வேல மொதல்ல பர்மனென்ட் ஆவட்டும். அப்புறம் பாத்துக்கலாம், பேகா பேகான்னு ஓடாதீங்க" என்றார். அவசரப்படாதே என்று கன்னடத்தையும் சேர்த்துச் சொல்லிச் சிரித்தார். என் பிள்ளையின் பள்ளிக்கூடப் படம் என் மேஜைமேல் இருப்பதை அவர் பார்த்திருந்தார்.

கட்டுரையைத் திருத்தினேன். சோதனைகளையெல்லாம் திரும்பச் செய்தோம். சரியான புரதத்தின் பெயரோடு அது வெளிவந்தது. எப்படி மாறியது என்று தலைவர் மறுபடி கேட்டபோது, "அன்னைக்கே சொன்னேனே சார்" என்று மட்டும் சொன்னேன். எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. அதே ஆண்டு பதவி உயர்வுக்கான நேர்காணலில் கௌதமன் சாரிடம் அந்தக் கூட்டக் குறிப்பை வாசித்துக் காட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். உயர்வு கிடைக்கவில்லை. மறுநாள் நான் கூனிக்குறுகிப் போனபோது, அவர் எந்திரத்தை ஓடவிட்டு, "செல்லு ரெடி மேடம், வாங்க" என்றார். பதினோரு ஆண்டுகள் அந்த 'அப்புறம்' வரவேயில்லை. ஆய்வகம் பெரிதாயிற்று, பிள்ளை கல்லூரிக்குப் போனான். பார்ப்பவர்களுக்கு நான் அமைதியாகத்தான் தெரிந்திருப்பேன். அவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன், சேர்ந்த பதவியிலேயே ஓய்வு பெற்றார். அந்த விழாவில் நான் அவரைப் புகழ்ந்து பேசினேன். கைதட்டினார்கள். சீ, என்ன பிழைப்பு.

இறந்த அன்று ஈஜிபுரா சந்தில் கூட்டம் நெருக்கியது. மாலையை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில் மறுபடி போனேன். புத்தர் சிலைக்குப் பக்கத்தில் அவர் படத்தை வைத்து, வெள்ளைப் பூக்கள் போட்டிருந்தார்கள். ஊதுபத்திப் புகை ஜன்னல் வெளிச்சத்தில் சுழன்று சுழன்று மேலே போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ கனவில் அந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன், எழுந்தால் எல்லாம் பழையபடி இருக்கும் என்று மனம் சொன்னது. அவர் மனைவி சகுந்தலா அம்மா டீ கொண்டுவந்து வைத்தார்கள். யசோதரா என் எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"அப்பா உங்களப் பத்தி நெறைய சொல்வாரு மேடம்" என்றாள். "நான் சி.ஏ.ல ரெண்டு தடவ ஃபெயில் ஆயி ரூமைச் சாத்திக்கினு கெடந்தேன். அப்பா கதவுக்கு வெளிய உக்காந்துக்கினு சொன்னாரு, 'நானும்தான் ஆபீஸ்ல டிஷ்ஷ மாத்தி வெச்சிட்டேன். பெரிய பேப்பரே நின்னுபோச்சு. புரமோஷனும் போச்சு. செத்தா போயிட்டேன்? மறுநாள் போயி மைக்ரோஸ்கோப்ப ஆன் பண்ணல?' அப்படீன்னாரு. அதைக் கேட்டுதான் மேடம் நான் கதவத் தொறந்தேன். மூணாந்தடவ பாஸ் பண்ணேன்."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "யசோதரா, உங்க அப்பா எந்த டிஷ்ஷையும் மாத்தி வைக்கலம்மா. தப்பு பண்ணினது நான். பழியை அவர்மேல போட்டதும் நான்" என்று சொல்லி, மழை நாளிலிருந்து நேர்காணல்வரை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவில் அழுதேன், அதற்காக யாரும் என்னைத் தேற்றவில்லை. அதுவே நியாயம்.

"அப்போ எனக்குச் சொன்னது?" என்று கேட்டாள் யசோதரா. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

சகுந்தலா அம்மா சுவரோரமாக நின்றிருந்தார்கள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். "ஏன்யா, ஒரு வார்த்த சொல்லக் கூடாது? புரமோஷன் போன அன்னைக்கி எவ்ளோ திட்டினேன் உன்ன! கண்ணு தெரியாதவன் எல்லாம் மைக்ரோஸ்கோப்ல உக்காரலாமான்னு கேட்டனே. ரெண்டு நாளு சோறுகூடப் போடலயே நானு. தலையக் குனிஞ்சிக்கினு உக்காந்திருந்தியே, வாயத் தொறந்து சொல்லக் கூடாதாய்யா?" என்று கேட்டுக்கொண்டே, படத்தின் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்கள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை, கூட்டக் குறிப்பைத் திருத்தக் கோரி நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்தேன். "அவரே போயிட்டாரு, ஃபைலும் மூடியாச்சு, இப்ப எதுக்கு மேடம்?" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். "அந்த ஃபைலைத் திறங்க" என்றேன். என் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. திருத்திய பக்கத்தின் நகல் கிடைத்ததும் ஈஜிபுராவுக்கு எடுத்துப் போய் அந்த அம்மாவின் கையில் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்வார்களா என்பதும் தெரியாது.

கௌதமன் சார், நீங்கள் எந்தத் தட்டையும் மாற்றி வைக்கவில்லை. நீங்கள் கண்டதெல்லாம் சரி, எழுதியதெல்லாம் சரி. அன்றே உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து இதைச் சொல்லியிருந்தால், அந்த இரண்டு நாளும் நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள். போய் வாருங்கள் சார்.